முறிந்த முதுகெலும்பில் ஸ்க்ரூ

நேயர்களுக்கு வணக்கம். தென்னையிலிருந்தோ சாரத்திலிருந்தோ விழுந்தவருக்கு முதுகெலும்பு பெரும்பாலும் முறிவது மார்புப் பகுதியின் கடைசி எலும்பும் இடுப்புப் பகுதியின் முதல் எலும்பும் சேருமிடத்தில்தான். மேலே விலா எலும்புகள் இறுக்கிப் பிடித்த பகுதி, கீழே வளைந்து கொடுக்கும் பகுதி. அடி நடுவில் இறங்கிவிடுகிறது.

எல்லோருக்கும் ஆபரேஷன் வேண்டியதில்லை. எலும்பு லேசாக அமுங்கி, பின்பக்க ஜவ்வு அறுபடாமல், கால் பலமும் சிறுநீர்க் கட்டுப்பாடும் நன்றாக இருந்தால் பெல்ட் போதும்.

ஆபரேஷன் என்றால், குப்புறப் படுக்கவைத்து நெஞ்சுக்கும் இடுப்புக்கும் முட்டுக் கொடுப்போம். வயிறு தொங்கலாக இருக்கவேண்டும். வயிறு அழுந்தினால் முதுகெலும்பைச் சுற்றிய ரத்தக் குழாய்கள் புடைத்து, ரத்தப்போக்கு கூடிவிடும். முறிந்தது எத்தனையாவது எலும்பு என்று எக்ஸ்ரேயில் எண்ணிய பிறகே கத்தி.

ஸ்க்ரூ போகும் வழி 'பெடிக்கிள்': எலும்பின் பின்பக்கத்தை முன்னாலுள்ள உருளையோடு இணைக்கும் குறுகிய பாலம். மழுங்கிய கம்பியை உள்ளே தள்ளும்போது நறநறவென்று கைக்குத் தெரியும். பொசுக்கென்று இறங்கினால் எலும்பைவிட்டு வெளியே போய்விட்டது என்று அர்த்தம். அதனால் நுனி உருண்ட மெல்லிய கம்பியால் துளையின் நான்கு சுவரையும் அடியையும் தடவிப் பார்ப்போம். உட்சுவருக்கு அப்பால் தண்டுவடம், கீழ்ச்சுவரை ஒட்டி நரம்பு. இடுப்புப் பகுதி முதுகெலும்புகளுக்கு ஏறத்தாழ 6 மி.மீ. பருமனும் 40 முதல் 45 மி.மீ. நீளமும் உள்ள டைட்டானியம் ஸ்க்ரூ. நீளம் மிஞ்சினால் முன்னால் பெருந்தமனி இருக்கிறது.

முறிவுக்கு மேலே உள்ள ஒரு எலும்பில் 2, கீழே உள்ள ஒரு எலும்பில் 2 என ஸ்க்ரூ போட்டு, இருபுறமும் கம்பியால் இணைத்து முடுக்குவது வழக்கம். உடம்பின் பாரமோ பெரும்பகுதி முன்பக்கத்தில். அங்கே எலும்பு நொறுங்கிப் போயிருந்தால் நாலு ஸ்க்ரூ தாங்காது, முதுகு மறுபடி கூனிவிடும். கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கினால் அறுந்துவிடுவதைப் போல ஸ்க்ரூவும் ஒருநாள் உடையும். அப்படிப்பட்ட முறிவுக்கு, முறிந்த எலும்பிலேயே கூடுதலாக ஸ்க்ரூ போடலாம்; அல்லது மேலும் கீழும் இரண்டிரண்டு எலும்புகளைப் பிடிக்கலாம். வயதானவர்களின் எலும்பில் கதை வேறு: உளுத்த கட்டையில் திருகியதுபோல ஸ்க்ரூ கழன்று வரும். எலும்பு சிமெண்ட் செலுத்திப் பிடிமானம் கூட்டுவோம். அது கசிந்து ரத்தக் குழாய் வழியே நுரையீரலுக்குப் போகாதபடி எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே, மெதுவாக.

"ஸ்க்ரூ போட்டால் கால் வந்துவிடுமா?" என்று வீட்டார் கேட்பார்கள். ஸ்க்ரூ எலும்பைத்தான் பிடிக்கும். நரம்பு தேறுவது முதலில் பட்ட அடியைப் பொறுத்தது. வீட்டுக்குப் போனபின் காய்ச்சல், தையலில் கசிவு, புதிதாகக் கால் மரத்தல், சிறுநீர் அடைப்பு, இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே வந்துவிடுங்கள்.