முதல் முப்பது விநாடி

வணக்கம் நேயர்களே.

1969 ஜூலை 16. புளோரிடாவில் காலை மணி 9.32. 39ஏ ஏவுதளத்திலிருந்து ஏறக்குறைய ஐந்தரை கிலோமீட்டர் தள்ளி பத்திரிகையாளர்கள் நின்றிருந்தார்கள். அப்போலோ 11-ஐச் சுமந்த சாட்டர்ன் 5 ராக்கெட் எழும்பிய ஓசை அவர்கள் காதுக்கு வந்துசேரப் பதினாறு விநாடி ஆகும். அதற்குள் ராக்கெட் கோபுரத்தைத் தாண்டிவிட்டது. அவ்வளவு தூரத்தில் மனிதர்கள் நிற்க, ராக்கெட்டின் காலடியிலேயே நின்று பார்த்தவை கேமராக்கள்.

அந்தக் கேமராக்கள் அழகுக்காக வைக்கப்பட்டவை அல்ல. ஏதாவது பிசகினால், எந்த இடம் முதலில் உடைந்தது என்று கண்டுபிடிக்க வைத்தவை. இன்று நாம் வியந்து பார்க்கும் படங்களில் பல இப்படிப் பொறியாளர்களின் சோதனைக் கருவியாகப் பிறந்தவைதான். அந்தக் கண்ணோடு பார்த்தால் அவற்றின் அழகு இன்னும் கூடும்.

இ-8 என்ற கேமராவை எடுத்துக்கொள்வோம். ஏவுமேடையின் மேலேயே, காப்புப் பெட்டிக்குள் இருந்தது. 16 மில்லிமீட்டர் பிலிம், விநாடிக்கு 500 படம். ஓர் அடி பிலிமில் 40 படம் அடங்கும். ஆகவே விநாடிக்குப் பன்னிரண்டரை அடி ஓடும். 400 அடிச் சுருள் 32 விநாடியில் தீர்ந்துவிடும். சீக்கிரம் முடுக்கினால் ராக்கெட் கிளம்பும் முன்பே பிலிம் காலி. தாமதமாக முடுக்கினால் எஞ்சின் பற்றும் கணம் போய்விடும். அந்தச் சிறு இடைவெளிக்குள் பிடித்த முப்பது விநாடிதான், திரையில் எட்டு நிமிடத்துக்கு மேல் நீள்கிறது.

அதில் என்ன பார்க்கலாம்? கிளம்புவதற்கு ஏறக்குறைய ஒன்பது விநாடி முன்பு பற்றவைப்பு தொடங்குகிறது. ஐந்து எஞ்சினும் ஒரே நேரத்தில் பற்றுவதில்லை. நடு எஞ்சின் முதலில், பிறகு எதிரெதிரே இருக்கும் இரண்டு, அப்புறம் மற்ற இரண்டு. எல்லாம் ஒன்றாகப் பற்றினால் அந்த அதிர்ச்சி ராக்கெட்டின் உடலைக் குலுக்கிவிடும். நெருப்பு முதலில் மேலே புகைந்து வரும். எஞ்சின் முழு வேகம் பிடித்ததும் அதே புகையைக் கீழே இழுத்துக்கொண்டு போகும். அப்போது படம் முழுக்க வெளுத்துவிடும். கேமராவுக்குள் விடும் ஒளியைத் தீயின் வெளிச்சத்துக்கு அளவு வைத்தால் ராக்கெட் கறுத்துப்போகும், ராக்கெட்டுக்கு வைத்தால் தீ வெளுத்துப்போகும். இரண்டையும் ஒரே பிலிமில் பிடிப்பது இந்த வேலையில் தீராத தலைவலி.

எஞ்சின் வாய்க்குக் கீழே உற்றுப் பாருங்கள். தீ உடனே பிரகாசமாக இருக்காது. சிறிது தூரம் கறுப்பாக இறங்கி, பிறகுதான் ஒளிரும். இது கோளாறு இல்லை. எரிபொருள் பம்பைச் சுழற்றிய வாயுவை வீணாக்காமல், எஞ்சின் வாயின் உட்சுவரில் திரைபோல ஓடவிட்டார்கள். எரியாத மண்ணெண்ணெய் மிகுந்த, ஓரளவு குளிர்ந்த அந்த வாயு உலோகத்தை உருகாமல் காத்தது. அந்தப் போர்வைதான் கறுப்பாகத் தெரிகிறது. மேலிருந்து உதிர்வது பனிக்கட்டி. மைனஸ் 183 டிகிரியில் திரவ ஆக்சிஜன் இருந்த தொட்டியின் மேல் புளோரிடாவின் ஈரக்காற்று உறைந்து பிடித்தது. மண்ணெண்ணெய்த் தொட்டியின் மேல் அந்தப் படலம் இருக்காது.

ராக்கெட் ஏன் அவ்வளவு மெதுவாக எழுகிறது? எடை சுமார் 2,900 டன், உந்துவிசை சுமார் 3,400 டன். மிச்சம் கொஞ்சம்தான். கிளம்பியதும் அது கோபுரத்தை விட்டு ஒன்றேகால் டிகிரி சாய்ந்துகொள்ளும். காற்று தள்ளினாலும் கோபுரத்தில் இடிக்காதிருக்கச் செய்த ஏற்பாடு. கோபுரத்தின் ஒன்பது கைகளில் ஐந்து, ராக்கெட் அசைந்த பிறகே விலகும். ஆகவே படத்தில் ராக்கெட் சாய்ந்திருந்தால், தயவுசெய்து அதை நிமிர்த்தி வெட்டாதீர்கள். அந்தச் சாய்வு உண்மையானது.

தவறான பெயரில் உலவும் படங்களும் ஏராளம். ராக்கெட்டின் அடியில் இருக்கும் முதல் அடுக்கில், இரண்டு தொட்டிகளுக்கு நடுப்பகுதியிலும் கறுப்புப் பட்டை இருந்தால், அது 1966-இல் ஏவுதளத்தைச் சரிபார்க்கக் கொண்டுவந்த, பறக்காத 500எஃப் என்ற மாதிரி ராக்கெட். கறுப்பு வெயிலில் சூடேறியதால், பறந்த ராக்கெட்டுகளில் அந்தப் பகுதியை வெள்ளையாக்கினார்கள். மற்ற கறுப்புக் கட்டங்கள் எதற்கு? ராக்கெட் தன்னைத்தானே எவ்வளவு சுழல்கிறது என்று கேமராவில் கணக்கிட. குட்டையாக, உச்சியில் விண்கலம் இல்லாமல் நின்றால் அது 1973 மே 14-இல் போன ஸ்கைலாப் என்ற விண்வெளி நிலையம்.

அடிக்கடி அப்போலோ 11 என்று காட்டப்படும் ஒரு படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கீழே நீல பூமி. இரண்டாம் அடுக்கிலிருந்து ஒரு பெரிய வளையம் கழன்று மெல்ல விழுகிறது. அது 1967 நவம்பர் 9-இல், ஆளில்லாமல் பறந்த அப்போலோ 4 எடுத்தது. படம் பிடித்ததும் பிலிம் இருந்த பெட்டி தனியே கழன்று, பாராசூட்டில் கடலில் இறங்கியது. அதைத் தேடி எடுத்தார்கள். அடுத்த முறை அந்த வளையத்தைக் கவனியுங்கள். இரண்டாம் அடுக்கில் எரிவது மண்ணெண்ணெய் அல்ல, ஹைட்ரஜன்; அந்தத் தீ கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. வளையத்தின் விளிம்பு அதில் பட்டதும்தான் சட்டென்று ஒளிர்கிறது.

நன்றி, வணக்கம்.