3060-ஆ, 4060-ஆ? முதலில் அடுப்பைக் காட்டுங்கள் தம்பி

வணக்கம். இந்த வாரம் வந்த சந்தேகங்களில், கேம் படத்தை வரைகிற கிராபிக்ஸ் கார்டு பற்றிய ஒன்று என்னை இரண்டு நாளாக விடவில்லை. தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அப்படியே வாசிக்கிறேன். “அண்ணே, என்னிடம் ஐ5 10400எஃப் பிராசசர் இருக்கிறது. 16 ஜிபி ரேம், பழைய 1650 கார்டு, 22 இன்ச் மானிட்டர், 1080பி, 75 ஹெர்ட்ஸ். ஜிடிஏ 5, வேலரண்ட் ஆடுவேன். புதுக் கேம்களும் ஆட ஆசை. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து நல்ல மீன்பாடு கிடைத்தால் அப்பா முப்பதாயிரம் தருகிறேன் என்கிறார். 3060 12 ஜிபி வாங்கவா, 4060 8 ஜிபி வாங்கவா? காசுக்கு ஏற்றது எது? துபாயிலிருந்து சித்தப்பாவும் வருகிறார், அவரிடம் சொல்லவா?”

61 நாள் படகைக் கரையில் கட்டிப் போட்டுவிட்டு, அப்புறம் கடலுக்குப் போய் வந்து ஒருவர் பிள்ளைக்குத் தரப்போகிற பணம் இது. ஏதோ ஒரு பட்டியலைப் பார்த்து ‘இதை வாங்கு’ என்று சொல்லிவிட மனம் வரவில்லை. அதோடு, தம்பி எல்லாவற்றையும் எழுதிவிட்டு ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். பழைய ஆட்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். அதற்கு வருகிறேன்.

நான் எப்போதும் சொல்வதுதான், சலித்துக்கொள்ளாதீர்கள்: சட்டி பார்த்து மீன் வாங்க வேண்டும். எங்கள் அம்மா பாம்பன் கரையில் ஏலம் நடக்கும்போது நல்ல சீலா வந்தாலும் அசையமாட்டார். ‘வீட்டில் இருக்கிற சட்டிக்கு இது அடங்காது’ என்று நகரை மீனை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். கிராபிக்ஸ் கார்டுக்குச் சட்டி என்பது மானிட்டர். 1080பி திரையில் ஒரு படத்துக்குச் சுமார் 20 லட்சத்து 73 ஆயிரம் புள்ளிகள். 1440பி என்றால் 36 லட்சத்து 86 ஆயிரம். 4கே என்றால் 82 லட்சத்து 94 ஆயிரம். கார்டு இத்தனை புள்ளிகளையும் ஒவ்வொரு படத்துக்கும் கணக்குப் போட்டு வரைய வேண்டும். தம்பியின் மானிட்டர் நொடிக்கு 75 படம்தான் காட்டும். கார்டு 140 படம் வரைந்து கொடுத்தாலும் மிச்சம் 65 கண்ணுக்குத் தெரியாது. வேலரண்ட் மாதிரி விளையாட்டில் அதனால் கை கொஞ்சம் சுறுசுறுப்பாகத் தெரியும், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கேமுக்குக் கார்டைவிடப் பிராசசர்தான் முக்கியம்.

சரி, 12 ஜிபியா 8 ஜிபியா? இதற்குத்தான் நம்மூர் உதாரணம் கச்சிதமாகப் பொருந்துகிறது. கார்டில் இருக்கிற விரேமை, அதாவது கார்டின் சொந்த நினைவகத்தை, ராமேஸ்வரம் தீவில் இருக்கிற குடோன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரின் சாதாரண ரேம், அக்கரையில் மண்டபத்தில் இருக்கிற குடோன். நடுவில் இருக்கிற பாலம்தான் கார்டு சொருகுகிற பிசிஐஇ ஸ்லாட். சரக்கு தீவு குடோனிலேயே இருக்கிறவரை கடைக்கு உடனே வந்துவிடும். 4060-இல் அந்த வேகம் நொடிக்கு 272 ஜிபி, 3060 12 ஜிபியில் 360 ஜிபி. தீவு குடோன் நிரம்பிவிட்டால் மீதிச் சரக்கு பாலத்தில் வர வேண்டும். தம்பியின் பிராசசர் பத்தாம் தலைமுறை, அதில் பிசிஐஇ 3.0தான். 4060 கார்டு 16 தடம் உள்ள ஸ்லாட்டில் 8 தடத்தை மட்டுமே பயன்படுத்துகிறது. ஆக, தம்பி வீட்டில் பாலத்தின் வேகம் நொடிக்குச் சுமார் 8 ஜிபி. 272 எங்கே, 8 எங்கே! 1988-இல் சாலைப் பாலம் திறப்பதற்கு முன்னால் தீவுக்கு ஒரு சாமான் வர வேண்டுமென்றால் ரயிலைப் பார்த்துக் காத்துக் கிடப்பார்கள் என்று எங்கள் அப்பா சொல்வார். அந்த நிலைமைதான். படம் வெட்டி வெட்டி நிற்கும்.

புதுக் கேம்களில் சில, டெக்ஸ்சரை (பொருட்களின் மேற்பரப்புப் படங்களின் தரத்தை) ‘அல்ட்ரா’வில் வைத்தால் 8 ஜிபியை எளிதாக நிரப்பிவிடும். 2023-இல் வந்த ஹாக்வர்ட்ஸ் லெகசியில் இந்தக் கூத்தை நிறையப் பேர் பார்த்தார்கள். அதற்கு மருந்து, டெக்ஸ்சரை ஒரு படி இறக்கி ‘ஹை’யில் வைப்பது. 22 இன்ச் திரையில் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிறவருக்கு நான் டீ வாங்கித் தருகிறேன். விரேம் நிரம்பாதவரை 4060தான் 3060-ஐவிட வேகம், சுமார் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். நிரம்பிவிட்டால் 3060 முந்தும். ஜிடிஏ 5 எல்லாம் கம்ப்யூட்டருக்கு 2015-இல் வந்தது, அதற்கு இரண்டுமே அதிகம்.

‘இன்டெல் பி580 கார்டில் 12 ஜிபி இருக்கிறதே, அதைச் சொல்ல மாட்டேன் என்கிறீர்களே’ என்று போன வீடியோவில் ஒருவர் கோபித்துக்கொண்டார். நல்ல கார்டுதான். ஆனால் பழைய பிராசசரோடு சேர்த்தால் அது தன் முழு வேலையைக் காட்டுவதில்லை. விரேம் முழுவதையும் பிராசசர் ஒரே நேரத்தில் எட்டிப் பார்க்க விடுகிற ரீசைசபிள் பார் என்கிற வசதி மதர்போர்டில் இருந்தே ஆக வேண்டும். தம்பியின் போர்டில் பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் போட்டால் வரலாம், வராமலும் போகலாம். புதுக் கம்ப்யூட்டர் கட்டுகிறவர்கள் அதைத் தாராளமாகப் பார்க்கலாம்.

இப்போது தம்பி விட்டுவிட்ட விஷயம். சட்டி பார்த்தாயிற்று, அடுப்பு எங்கே? எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற டப்பா. 1650-இல் பெரும்பாலான மாடல்கள் 75 வாட்டுக்குள் ஸ்லாட்டிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும், தனி ஒயர் வேண்டாம். அதனால்தான் கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸும் இத்தனை நாள் தாங்குகிறது. 4060 எடுப்பது 115 வாட், 3060 எடுப்பது 170 வாட். இரண்டுக்குமே தனி ஒயர் வேண்டும். கேபினட்டோடு வந்ததில் அந்த ஒயரே பல நேரம் இருக்காது. அடாப்டர் போட்டு ஒட்டுப் போடலாம் என்று யாராவது சொன்னால் அவரிடம் காசு கொடுக்காமல் கிளம்பிவிடுங்கள்.

அந்த டப்பாவின் பக்கவாட்டில் ஸ்டிக்கர் இருக்கும். பெரிய எழுத்தில் 450 வாட் என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்க்க வேண்டாம். கீழே கட்டம் கட்டமாகச் சின்ன எழுத்தில் இருக்கும், அதில் +12வி என்கிற கட்டத்தைப் பாருங்கள். அங்கே எத்தனை ஆம்ப் என்று போட்டிருக்கிறதோ, அதை 12-ஆல் பெருக்குங்கள். 18 ஆம்ப் என்றால் 216 வாட். கார்டுக்கும் பிராசசருக்கும் கிடைக்கப்போவது அவ்வளவுதான், 450 இல்லை. போன வருடம் உச்சிப்புளியிலிருந்து ஒருவர் புதுக் கார்டோடு வந்தார், கேம் தொடங்கிய பத்தாவது நிமிடம் கம்ப்யூட்டர் அணைந்துவிடுகிறது, கார்டு பழுது என்று. கார்டு தங்கம் மாதிரி இருந்தது. ஸ்டிக்கரைப் படித்துக் காட்டினேன். தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அதோடு யுபிஎஸ். நம் வீடுகளில் இருக்கிற 600 விஏ யுபிஎஸ் என்பது பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். 4060-உடன் தம்பியின் மெஷின் முழுவதும் 250 வாட்டை ஒட்டி நிற்கும். 3060 போட்டால் 300-ஐத் தொடும். கரண்ட் போனதும் யுபிஎஸ் கீகீ என்று கத்திவிட்டு அதுவும் சேர்ந்து அணைந்தால் சேவ் பண்ணாத கேமும் போச்சு.

ஆகவே நேர் பதில். இந்த இரண்டில் ஒன்றுதான் என்று அடம்பிடித்தால், நம்ம கடற்கரைக்கு 4060. சூடு குறைவு, ஃபேன் மெதுவாகச் சுற்றும், அடுப்பையும் அதிகம் கேட்காது. ஆனால் என் பணமாக இருந்தால் இரண்டையும் வாங்கமாட்டேன். ஆர்எக்ஸ் 6600 மாதிரி ஒரு படி கீழே இருக்கிற கார்டை எடுப்பேன். 8 ஜிபி, 132 வாட், 3060-க்குப் பக்கத்திலேயே ஓடும். குறைந்த புள்ளிகளில் வரைந்து படத்தைப் பெரிதாக்குகிற என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் கிடையாது, ஒளி நிழலை நிஜம் மாதிரி கணக்கிடுகிற ரே டிரேசிங்கில் தோற்றுப்போகும். 75 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு அது போதும். மிச்சப் பணத்தில் 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் என்கிற மின்சிக்கன முத்திரை உள்ள உருப்படியான எஸ்எம்பிஎஸ் ஒன்று. விலை வாரத்துக்கு வாரம் ஆடுகிறது, அதனால் ரூபாய்க் கணக்கு சொல்லமாட்டேன். முப்பதாயிரம் என்பது கார்டுக்கு மட்டும் இல்லை, அடுப்புக்கும் சேர்த்து என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 5060 வந்துவிட்டதே என்பீர்கள். வந்தது, 2025 மே மாதம். அதுவும் 8 ஜிபி, அதே 8 தடம். தம்பியின் போர்டில் பாலம் அதே பழைய பாலம்தான்.

செகண்ட் ஹேண்ட்? வாங்கலாம். ஆனால் என் கதையைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். 2021-இல் கார்டை வைத்துக் கிரிப்டோ காசு எடுக்கிற மைனிங் பைத்தியம் உச்சத்தில் இருந்தது, கார்டே கிடைக்காது. சென்னை ரிச்சி தெருப் பக்கம் ஒரு கடையில் பழைய ஆர்எக்ஸ் 580-ஐ 22 ஆயிரத்துக்கு வாங்கினேன். ராத்திரி ரயில். விடிகாலையில் பாம்பன் பாலத்தில் வண்டி ஊர்ந்து வருகிறது, ஜன்னலில் கடல்காற்று. நான் பெட்டியைத் துண்டால் போர்த்தி மடியில் வைத்துக்கொண்டிருக்கிறேன். எதிரில் இருந்த அம்மா ‘குழந்தைக்கு எத்தனை மாதம்’ என்று கேட்காததுதான் பாக்கி. வீட்டுக்கு வந்து, கார்டின் விவரம் காட்டுகிற ஜிபியு-இசட் மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் 2048 ஷேடர் (படம் வரைகிற சின்னக் கணக்கு அலகு) என்கிறது. அசல் 580-க்கு 2304 இருக்க வேண்டும். 570-க்கு 580 சட்டை போட்டு விட்ட மாதிரி ஒரு மாடல். அடுத்த வருடம் செப்டம்பரில் எத்தீரியம் என்கிற கிரிப்டோ காசின் மைனிங் நின்றது, பழைய கார்டுகள் சந்தையில் குவிந்து விலை சரிந்தது. என் 22 ஆயிரம் போனது போனதுதான். அதனால் பழைய கார்டு என்றால் கடையிலேயே சொருகி, ஜிபியு-இசட் பார்த்து, அரை மணி நேரம் ஒரு கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். காட்டமாட்டேன் என்றால் டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

துபாய் சித்தப்பா விஷயத்தில் ஒரே வார்த்தை: வாரண்டி. கீழக்கரையில் ஒருவருக்கு அப்படி வந்த கார்டு எட்டாம் மாதம் ஃபேன் நின்றுவிட்டது. இங்கே வாங்காததை இங்கே பார்க்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கார்டு மறுபடி ஒரு மச்சானின் பெட்டியில் விமானம் ஏறியது. பல கம்பெனிகளின் நிலைமை இதுதான். சித்தப்பாவிடம் பேரீச்சம்பழம் கேளுங்கள்.

தம்பி கேட்காத ஒன்று இருக்கிறது. உண்மையில் அதைத்தான் கேட்டிருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. வாங்கிய கார்டை இந்த உப்புக்காற்றில் ஐந்து வருடம் எப்படி உயிரோடு வைப்பது? மண்டபத்தில் காரைக்குடி சிக்ரியின் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) துரு ஆராய்ச்சி நிலையம் ஏன் இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? உலோகத்தை இந்தக் காற்று எப்படித் தின்கிறது என்று பார்ப்பதற்கு நம்மூரைவிட நல்ல இடம் கிடைக்காது. 1914-இல் திறந்த ரயில் பாலத்தையே அரித்த காற்று, உங்கள் கார்டுக்கு மட்டும் இரக்கம் காட்டாது.

உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது தண்ணீரை இழுத்துத் தானே கரைய ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்க்கிறோமே, அதேதான். ஃபேன் உள்ளே இழுத்துப் போட்ட உப்புத் தூசி கார்டின் மேல் இப்படிக் கசிந்து உப்புத் தண்ணீர் ஆகிறது. கம்ப்யூட்டர் ஓடும்போது கார்டு சூடாக இருப்பதால் ஈரம் ஒட்டாது. அணைத்துவிட்டுப் போனால்தான் வேலை ஆரம்பம்.

பாம்பனில் கடலைப் பார்த்த ஜன்னல் ஓரம் ஒரு கம்ப்யூட்டர். பையன் சென்னையில் ஹாஸ்டலுக்குப் போய்விட்டான், பத்து மாதம் யாரும் தொடவில்லை. வந்து போட்டால் டிஸ்ப்ளே வரவில்லை. கழற்றினால் திருகெல்லாம் துரு, எச்டிஎம்ஐ வாயில் பச்சைப் பூஞ்சை மாதிரி பூத்திருக்கிறது. அதே மாடல் கார்டு ராமேஸ்வரத்தில் ஒரு ஸ்டூடியோவில் தினமும் பத்து மணி நேரம் ஓடுகிறது, இன்றுவரை ஒரு குறையும் இல்லை. ஓடுகிற கார்டு அதிகம் தேயும் என்று நினைக்கிறோம். நம்ம கரையில் சும்மா கிடக்கிற கார்டுதான் முதலில் போகிறது.

அதனால் ஊருக்குப் போனாலும் வாரத்துக்கு இரண்டு முறை வீட்டில் யாரையாவது ஒரு மணி நேரம் போட்டு வைக்கச் சொல்லுங்கள். கேபினட்டைக் கடல் பக்கத்து ஜன்னலை விட்டு எதிர்ச் சுவருக்கு நகர்த்துங்கள். முன்பக்க ஃபேனுக்கு வலை ஃபில்டர் போட்டு மாதம் ஒரு முறை கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். கார்டின் தங்கப் பல்லை ரப்பர் போட்டுத் தேய்க்கிறார்கள், அந்த மெல்லிய முலாம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணி போதும். துரு பிடித்த கார்டை வாரண்டியில் எடுத்துக்கொள்வார்கள் என்று நம்பியிருக்க வேண்டாம். பழைய கார்டு வாங்கும்போதும் இதையே பாருங்கள். கோயம்புத்தூரில் மைனிங்கில் உழைத்த கார்டையாவது நம்பி வாங்குவேன், கடற்கரை வீட்டில் தூங்கிய கார்டை வாங்கமாட்டேன்.

தம்பி, அந்த எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்புங்கள், அதைப் பார்த்துவிட்டு மாடல் பெயரோடு பதில் சொல்கிறேன். ஃபிளாஷ் போடாமல் எடுங்கள். போன முறை ஒருவர் அனுப்பியதில் வெளிச்சம்தான் தெரிந்தது, ஆம்ப் தெரியவில்லை.