மருத்துவம் நோக்கிப் போகும் பிள்ளைக்குக் கோடையில் இயற்பியல்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் பள்ளி முடித்து மருத்துவக் கனவோடு கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டு செமஸ்டர் இயற்பியலும் கூடவே லேபும் முடிக்க வேண்டும். பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளையும் முதல் தேர்வில் திணறுவதுண்டு. சூத்திரமெல்லாம் தெரிந்திருக்கும்; அலகில் சறுக்கிவிடும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தம் தள்ளுகிறது, அதாவது நொடிக்கு சுமார் 83 கன சென்டிமீட்டர். பெருந்தமனியின் குறுக்குப் பரப்பு 3 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் வேகம் நொடிக்கு 28 சென்டிமீட்டர். ஒரு மீட்டருக்கு 100 சென்டிமீட்டர்தானே என்று பரப்பையும் நூறால் மட்டும் வகுக்கிற பிள்ளைக்கு நொடிக்கு 3 மில்லிமீட்டர்கூட வராது. பரப்புக்குப் பத்தாயிரம், கன அளவுக்குப் பத்து லட்சம். விடை வந்ததும் "ரத்தம் இவ்வளவு மெதுவாகவா ஓடும்?" என்று கேட்கும் பழக்கத்தை இந்தக் கோடையிலேயே கொண்டுவந்துவிட வேண்டும்.

திசையன்களுக்கு, அதாவது அளவோடு திசையும் உள்ள விசை, வேகம் போன்றவற்றுக்கு, ஒரு வாரம் போதும். கோணம் எந்தக் கோட்டிலிருந்து அளக்கப்பட்டது என்று பார்க்காமல் கிடைக்கூறு (கிடைமட்டத் திசையில் உள்ள பங்கு) என்றாலே கொசைன் போடுவதுதான் அங்கே வழக்கமான பிழை. கால்குலேட்டர் ரேடியனில் கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

மிச்ச நேரத்தைப் பாய்மங்களுக்கு, அதாவது ரத்தம், காற்று போல ஓடும் பொருள்களுக்கு, கொடுங்கள். பள்ளியில் அவசரமாகக் கடந்துபோகும் பாடம் அது, மருத்துவத்துக்கோ உயிர்நாடி. குழாய் குறுகினால் வேகம் கூடும் என்கிறது தொடர்ச்சிச் சமன்பாடு. குறுகினால் ஓட்டம் குறையும் என்கிறது புவாசேய் விதி. இரண்டும் மோதுவதுபோலத் தோன்றும், மோதவில்லை. முதலாவது, ஒரே குழாயின் இரண்டு இடங்களை ஒப்பிடுகிறது. இரண்டாவது, அதே அழுத்த வேறுபாட்டில் அகலமான குழாயையும் குறுகிய குழாயையும் ஒப்பிடுகிறது. ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆரம் பத்து சதவீதம் சுருங்கினால் 0.9-ஐ நான்கு முறை பெருக்குங்கள்: 0.656. ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது! அடைபடும் தமனியைப் பற்றி மருத்துவர்கள் ஏன் அவ்வளவு பதறுகிறார்கள் என்பது இந்த ஒரு பெருக்கலிலேயே புரியும்.

இந்தப் பெருக்கலைக் கையால் போடட்டும். மருத்துவக் கல்லூரியில் சேர எழுதும் எம்கேட் (MCAT) தேர்வில் கால்குலேட்டர் கிடையாது. இயற்பியலும் வேதியியலும் வரும் பகுதியில் 95 நிமிடத்தில் 59 கேள்விகள். தினமும் நான்கு கணக்கு, ஒவ்வொன்றுக்கும் முதலில் படம், பிறகு அலகு, கடைசியில்தான் எண்.

கால்குலஸ் சேர்ந்த வகுப்பா, இல்லாததா? பல மருத்துவக் கல்லூரிகள் கால்குலஸ் இல்லாத வகுப்பையே ஏற்கின்றன. ஆனாலும் சேர விரும்பும் கல்லூரிகளின் நிபந்தனைகளைப் பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். பொறியியல் பக்கமும் ஒரு கண் இருக்கிற பிள்ளை கால்குலஸ் வகுப்பையே எடுப்பது நல்லது.