பதித்த வீடியோ ஓடவில்லையா? மறுத்தது யார் என்று முதலில் பாருங்கள்

வணக்கம். "எங்கள் இணையதளத்தில் வீடியோ ஓடவில்லை, என்ன செய்வது?" என்று எனக்கு வரும் கேள்விகளில் பல, இந்த ஒரு வரியோடு முடிந்துவிடுகின்றன. அந்த வரியை வைத்துக்கொண்டு யாராலும் பதில் சொல்ல முடியாது. வீடியோ இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கறுப்புப் பெட்டி தெரிகிறதா, முகம் சுளித்த காகிதப் படத்தோடு "இணைக்க மறுத்துவிட்டது" என்ற வரி தெரிகிறதா, ஒரு பிழை எண் தெரிகிறதா, ஒலி மட்டும் கேட்டுப் படம் வராமல் இருக்கிறதா என்பதைப் பொறுத்துக் காரணமும் மாறும், சரிசெய்ய வேண்டிய ஆளும் மாறுவார்.

வேறொரு சேவையில் இருக்கும் வீடியோவை உங்கள் பக்கத்தில் பதிக்கும்போது மூன்று தரப்பினர் ஒத்துப்போக வேண்டியிருக்கிறது: உங்கள் தளம், பார்வையாளரின் உலாவி, வீடியோவை வைத்திருக்கும் சேவை. இவர்களில் எவர் வேண்டுமானாலும் "முடியாது" என்று சொல்லலாம். சொன்னவர் அதைப் பெரும்பாலும் எழுதியும் வைக்கிறார். அதைப் படிக்காமல் பிளக்இன்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பதும், தீமை மாற்றிப் பார்ப்பதும் நேரத்தைத் தின்னும் வேலைகள். ஆகவே, எதையும் மாற்றுவதற்கு முன்பு கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்து எஃப் 12 விசையை அழுத்துங்கள். இப்போது திரையில் தெரிகிறதே, உலாவியின் சோதனைக் கருவிப் பலகை, இதில் 'கன்சோல்' (பிழைச் செய்திகள் வரும் இடம்), 'நெட்வொர்க்' (பக்கம் அனுப்பும் கோரிக்கைகளின் பட்டியல்) என்ற இரண்டு தாவல்களில்தான் பெரும்பாலான வேலை. அவற்றைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள்.

மிக எளிதான ஒன்றை முதலில் முடித்துவிடுவோம். யூடியூபில் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது முகவரிப் பட்டையில் தெரியும் முகவரியை அப்படியே எடுத்து ஐஃப்ரேமுக்குள், அதாவது வேறொரு பக்கத்தை உங்கள் பக்கத்துக்குள் காட்டும் சட்டகத்துக்குள், வைத்தால் அது ஓடாது. 'வாட்ச்' என்ற சொல் வரும் அந்தப் பக்கத்தை வேறு தளங்கள் இந்தச் சட்டகத்துக்குள் காட்டக் கூடாது என்று யூடியூபின் சர்வரே உலாவிக்குச் சொல்லி அனுப்புகிறது. 'இணைக்க மறுத்துவிட்டது' என்ற வரி வருவது அதனால்தான். பகிர் பொத்தானை அழுத்தி 'எம்பெட்' என்பதைத் தேர்ந்தால் கிடைக்கும் குறிமுறையில் 'எம்பெட்' என்ற சொல்லும், அதன் பின்னால் வீடியோவின் 11 எழுத்து அடையாளமும் இருக்கும். அந்த 11 எழுத்துகளில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு உண்டு என்பதால் கையால் தட்டச்சு செய்யாமல் நகலெடுத்து ஒட்டுங்கள்.

இனி, இன்றைய பேச்சின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளப்போகும் பிழைக்கு வருகிறேன். பிழை 153. "வீடியோ பிளேயர் உள்ளமைவுப் பிழை" என்ற பொருள்படும் ஒரு வரியோடு இது யூடியூப் பெட்டிக்குள் தோன்றும். நேற்றுவரை ஓடிக்கொண்டிருந்த வீடியோ, தளத்தில் யாரும் கைவைக்காமலே இன்று ஓடவில்லை என்று 2025-இல் பலர் புலம்பியதற்குக் காரணம் இதுதான். உங்கள் குறிமுறை மாறவில்லை. யூடியூப் தன் வாசலில் கேட்கும் கேள்வியைக் கண்டிப்பாக்கிவிட்டது.

உலாவி ஒரு பக்கத்திலிருந்து வேறு தளத்திடம் எதையாவது கேட்கும்போது, தான் எந்தத் தளத்திலிருந்து கேட்கிறது என்பதை 'ரெஃபரர்' என்ற ஹெடரில் (கோரிக்கையோடு சேர்ந்து போகும் குறிப்பு வரியில்) எழுதி அனுப்புவது வழக்கம். பதித்த வீடியோவை எந்தத் தளம் காட்டுகிறது என்பதை யூடியூப் இதன் மூலம் தெரிந்துகொள்கிறது. கல்யாண மண்டப வாசலில் "பெண் வீட்டாரா, மாப்பிள்ளை வீட்டாரா?" என்று கேட்கும்போது வாயைத் திறக்காமல் நிற்பவரைப் போல, அந்த ஹெடர் இல்லாமல் வரும் கோரிக்கை வெளியிலேயே நிறுத்தப்படுகிறது.

அப்படியானால் அந்த ஹெடரை நீக்கியது யார்? பெரும்பாலும் நீங்களேதான், அல்லது உங்கள் சார்பில் ஒரு பாதுகாப்பு பிளக்இன். தளத்தின் பாதுகாப்புக்கு மதிப்பெண் போடும் சோதனைக் கருவிகள் பல இருக்கின்றன. 'ஏ பிளஸ்' வாங்கிவிட வேண்டும் என்ற ஆசையில், எங்கோ கண்ட ஹெடர் வரிகளை அப்படியே சர்வரில் ஒட்டிவிடுபவர்களும் இருக்கிறார்கள். அவற்றில் 'ரெஃபரர் பாலிசி' என்ற ஹெடருக்கு 'நோ ரெஃபரர்' அல்லது 'சேம் ஒரிஜின்' என்ற மதிப்பு இருந்தால், யூடியூபுக்குப் போகும் கோரிக்கையில் உங்கள் தளத்தின் பெயர் இருக்காது. பைத்தான் மொழிக் கட்டமைப்பான ஜாங்கோவில் தளம் கட்டியவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை: 3.1 பதிப்பிலிருந்து அதன் பாதுகாப்புப் பகுதி (மிடில்வேர்) 'சேம் ஒரிஜின்' என்பதையே இயல்பாக அனுப்புகிறது. ஆகவே, நீங்கள் எதையும் ஒட்டாமலே இந்தப் பிழை வரலாம். எதுவுமே அமைக்காத சாதாரணத் தளத்தில் உலாவிகள் தாமாகவே சரியான கொள்கையைப் பின்பற்றுவதால், அக்கறையாகப் பூட்டுப் போட்டவர்களுக்கே இந்தத் தொல்லை வந்து சேர்கிறது என்பது இதில் உள்ள வேடிக்கை.

இதை ஊகிக்காமல் உறுதிசெய்யும் முறையைக் காட்டுகிறேன். நெட்வொர்க் தாவலில் 'எம்பெட்' முகவரியோடு இருக்கும் வரியைச் சொடுக்குங்கள். வலப்பக்கம் திறக்கும் பலகையில் 'ரெக்வெஸ்ட் ஹெடர்ஸ்' என்ற பகுதிக்கு இறங்கி வாருங்கள். ரெஃபரர் என்ற வரியும் அதற்கு எதிரே உங்கள் தளத்தின் முகவரியும் இருந்தால் காரணம் வேறு. அந்த வரியே இல்லையென்றால் நோய் கிடைத்துவிட்டது. உடனடி மருந்து, ஐஃப்ரேம் குறிச்சொல்லுக்குள் 'ரெஃபரர்பாலிசி' என்ற பண்பைச் சேர்த்து, அதற்கு 'ஸ்ட்ரிக்ட் ஒரிஜின் வென் கிராஸ் ஒரிஜின்' என்ற மதிப்பைக் கொடுப்பது. சொற்களுக்கு நடுவே இடைக்கோடு வர வேண்டும். பக்கம் முழுவதற்கும் வேறு கொள்கை இருந்தாலும் அந்த ஒரு சட்டகத்துக்கு இதுவே செல்லும். நூற்றுக்கணக்கான பக்கங்களில் வீடியோ இருந்தால், சர்வர் அமைப்பிலோ பிளக்இன் அமைப்பிலோ ஒரே இடத்தில் மாற்றிவிடுவது நல்லது. இதனால் தனியுரிமை போய்விடுமே என்று அஞ்ச வேண்டியதில்லை. இந்தக் கொள்கையின்படி வெளித்தளத்துக்குப் போவது உங்கள் டொமைன் பெயர் மட்டுமே. வாசகர் எந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார் என்ற விவரம் போகாது.

எச்டிஎம்எல் கோப்பைக் கணினியில் வைத்து இருமுறை சொடுக்கித் திறந்து பார்க்கும் மாணவர்களுக்கும் இதே பிழை வரும். அப்படித் திறந்த கோப்புக்குத் தளம் என்ற அடையாளமே கிடையாது. கணினியிலேயே ஒரு சிறு சர்வரை ஓட்டி, லோக்கல்ஹோஸ்ட் (உங்கள் கணினியையே குறிக்கும்) முகவரியில் அதே கோப்பைத் திறந்தால் வீடியோ ஓடுவதைக் காண்பீர்கள். மொபைல் செயலிக்குள் வெப்வியூவில் (செயலிக்குள்ளேயே பக்கத்தைக் காட்டும் சிறு உலாவியில்) எச்டிஎம்எல் சரத்தை நேரடியாக ஏற்றுபவர்களும், அடிப்படை முகவரி ஒன்றைச் சேர்த்துக் கொடுக்காவிட்டால் இதே சுவரில் மோதுவார்கள்.

யூடியூபின் மற்ற எண்கள் இவ்வளவு பாடுபடுத்துவதில்லை. பிளேயரின் ஏபிஐ (உங்கள் நிரல் பிளேயரோடு பேசும் வழி) வழியாக 100 வந்தால் வீடியோ நீக்கப்பட்டிருக்கிறது அல்லது 'பிரைவேட்' ஆக்கப்பட்டிருக்கிறது. 101, 150 இரண்டும் ஒன்றே: உரிமையாளர் வேறு தளங்களில் பதிக்க அனுமதிக்கவில்லை. வீடியோ உங்களுடையது என்றால் யூடியூப் ஸ்டூடியோவில் அந்த வீடியோவின் விவரங்களுக்குப் போய், கூடுதல் அமைப்புகளை விரித்து, பதிக்க அனுமதிக்கும் பெட்டியில் குறியிடுங்கள். பிறருடையது என்றால் அவரிடம் கேட்பதைத் தவிர வழியில்லை. அதை மீறுவதற்குச் சொல்லப்படும் குறுக்கு வழிகளை நான் இங்கே பேசப்போவதில்லை. 'அன்லிஸ்டட்' (இணைப்பு உள்ளவர்கள் மட்டும் பார்க்கக்கூடிய) வீடியோக்களைப் பதிக்கலாம், 'பிரைவேட்' வீடியோக்களைப் பதிக்க முடியாது என்பதில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. வயதுக் கட்டுப்பாடு போட்ட வீடியோவும் பெரும்பாலான தளங்களில் ஓடாமல், யூடியூபுக்கு வந்து பார்க்கச் சொல்லும்.

அடுத்து, கன்சோலில் சிவப்பு எழுத்தில் 'கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி' என்ற சொற்கள் தெரிந்தால், மறுத்தது உங்கள் தளமேதான். எந்தெந்தத் தளங்களைச் சட்டகத்துக்குள் காட்டலாம் என்ற பட்டியலை உங்கள் சர்வர் அனுப்புகிறது. வீடியோ சேவை அதில் இல்லை. 'ஃபிரேம் சோர்ஸ்' என்ற பகுதியில் அதைச் சேர்க்க வேண்டும். யூடியூப் முகவரியைச் சேர்த்த பிறகும் தீரவில்லை என்பவர்கள், பதித்த குறிமுறையில் இருப்பது 'யூடியூப் நோகுக்கி' முகவரியா என்று பாருங்கள். அது தனி டொமைன் என்பதால் பட்டியலில் தனியாக இடம்பெற வேண்டும்.

கன்சோலும் அமைதியாக இருக்கிறது, பெட்டியும் வெறுமையாக இருக்கிறது என்றால், 'எலிமென்ட்ஸ்' தாவலில் ஐஃப்ரேமைத் தேடுங்கள். முகவரி இருக்க வேண்டிய 'எஸ்ஆர்சி' காலியாகவும், பக்கத்திலேயே 'டேட்டா எஸ்ஆர்சி' என்று ஒன்றில் முகவரி காத்திருப்பதும் தெரியலாம். பக்கத்தை வேகப்படுத்தும் பிளக்இன் அதை ஒத்திப்போட்டிருக்கிறது, அல்லது குக்கி ஒப்புதல் பட்டை, வாசகர் 'சரி' என்று அழுத்தும்வரை அதை நிறுத்தி வைத்திருக்கிறது. பட்டையை நீங்கள் என்றைக்கோ ஒப்புக்கொண்டிருப்பதால் உங்களுக்கு வீடியோ தெரியும், புதிதாக வருபவருக்குத் தெரியாது. "எனக்கு நன்றாகத்தான் ஓடுகிறது" என்ற பதிலுக்கு முன்பு மறைநிலைச் சாளரத்தில் ஒருமுறை பார்த்துவிடுவது மரியாதை. வேர்ட்பிரஸில் ஐஃப்ரேமை ஒட்டிச் சேமித்ததும் அது மாயமாகிவிடுகிறது என்றால், உங்கள் கணக்கு 'ஆத்தர்' நிலையில் இருக்கக்கூடும். அந்த நிலையில் உள்ளவர்களின் ஐஃப்ரேம் சேமிக்கும்போது வடிகட்டப்படும். வீடியோவின் இணைப்பை மட்டும் தனி வரியில் ஒட்டினால் வேர்ட்பிரஸ் தானே பிளேயராக மாற்றிவிடும்.

தானாக ஓடவில்லை என்ற புகாரை நான் பழுதாகவே கருதுவதில்லை. 2018 ஏப்ரலில் வந்த குரோம் 66 முதல், வாசகர் தொடாமல் ஒலியோடு ஓடும் வீடியோக்களை அந்த உலாவி தடுக்கிறது; சஃபாரி அதற்கு முந்தைய ஆண்டே தொடங்கிவிட்டது. ஒலியை அணைத்தால் ஓடும். ஐஃப்ரேமின் 'அலவ்' பண்பில் ஆட்டோபிளேயும் இருக்க வேண்டும். ஐபோனில் 'பிளேஸ் இன்லைன்' பண்பும் தேவை, அதற்கு மேலும் பேட்டரி சேமிப்பு முறை இயங்கிக்கொண்டிருந்தால் அதுவும் பலிக்காது. திடீரென்று அலறும் பக்கத்தை மூடிவிட்டுப் போகும் வாசகர்களின் பக்கமே நான் நிற்கிறேன்.

கடைசியாக, எந்தச் சேவையும் இல்லாமல் எம்பி4 கோப்பைச் சொந்த சர்வரில் வைத்திருப்பவர்களுக்கு. ஐபோனில் எடுத்த கோப்பை நேரடியாக ஏற்றினால் சில கணினிகளில் ஒலி மட்டும் வந்து படம் கறுப்பாக இருக்கும். ஐபோன் 'ஹை எஃபிஷியன்சி' அமைப்பில் எச்இவிசி என்ற சுருக்க முறையில் பதிவுசெய்கிறது. அதைப் பிரிக்கும் வன்பொருள் எல்லாக் கணினிகளிலும் இல்லை. எச்.264 படமும் ஏஏசி ஒலியுமாக மாற்றிவிட்டால் எங்கும் ஓடும். ஓடத் தொடங்கவே வெகுநேரம் ஆகிறது என்றால், கோப்பின் அட்டவணையான 'மூவ்' பகுதி கோப்பின் கடைசியில் இருக்கிறது என்று பொருள் கொள்ளலாம். எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் கருவியில் 'ஃபாஸ்ட்ஸ்டார்ட்' என்ற தேர்வோடு, படத்தையும் ஒலியையும் அப்படியே நகலெடுக்கும் 'காப்பி' தேர்வையும் சேர்த்து மறுபடி எழுதினால் அது முன்னுக்கு வந்துவிடும். படத்தின் தரம் குறையாது.

குரோமில் ஓடுகிறது, சஃபாரியில் மட்டும் ஓடவில்லை என்பது வேறு கதை. சஃபாரி முழுக்கோப்பைக் கேட்பதற்கு முன்பு முதல் இரண்டு பைட்டுகளை மட்டும் கேட்டுப் பார்க்கும். சர்வர் 206 என்ற எண்ணோடு அந்தத் துண்டை மட்டும் தர வேண்டும். துண்டாகத் தரத் தெரியாத சர்வர் 200 என்று முழுக்கோப்பையும் நீட்டினால் சஃபாரி வாங்கிக்கொள்ளாது. இது உங்கள் பக்கத்தில் எதை மாற்றினாலும் தீராது. ஹோஸ்டிங் நிறுவனத்துக்குத்தான் எழுத வேண்டும். எழுதும்போது "வீடியோ ஓடவில்லை" என்று எழுதினால், கேஷை அழித்துப் பாருங்கள் என்ற ஆயத்தப் பதில் வரும். கோப்பின் முகவரியையும், ரேஞ்ச் கோரிக்கைக்கு (துண்டாகக் கேட்பதற்கு) 206-க்குப் பதிலாக 200 வருகிறது என்ற வரியையும், நெட்வொர்க் தாவலின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். முதல் நிலையில் பதில் சொல்பவர் அதைப் புரிந்துகொள்ளாவிட்டாலும், சர்வரைத் தொடக்கூடிய ஆளிடம் அதைத் தள்ளிவிட வேண்டும் என்பதையாவது புரிந்துகொள்வார்.