மனு வேறு, கேள்வி வேறு

நேயர்களுக்கு வணக்கம். உள்ளாட்சி பற்றிப் பேச வருகிறவர்கள் எல்லோரும் உத்திரமேரூரில்தான் பஸ் ஏறுவார்கள். பராந்தக சோழன், குடவோலை, வார்டு மாதிரி முப்பது குடும்பு என்று ஆரம்பித்து ஊர் வந்து சேர்வதற்குள் நேரம் முடிந்துவிடும். எனக்குக் கொடுத்திருப்பது பத்து நிமிடம், அதனால் அங்கே இறங்காமல் ஒரே ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறேன். ஊர்ச் சபையின் வாரியத்தில், அதாவது குழுவில், இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவனும், அவன் நெருங்கிய சொந்தக்காரனும் மறுபடி வர முடியாது என்று அந்தக் கல்வெட்டில் இருக்கிறது. கி.பி. 919, 921 காலத்து எழுத்து. நிலமும் படிப்பும் உள்ள சிலர் மட்டுமே நிற்க முடிந்த சபை அது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் கணக்குக் காட்டவில்லை என்று ஒருவனை நிறுத்த வேண்டுமென்றால், அதற்கு முன்னால் யாரோ ஒருவர் ‘கணக்கு எங்கே?’ என்று கேட்டிருக்க வேண்டும் இல்லையா? அந்த யாரோ ஒருவர் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

என் பெரியம்மா இருப்பது கோவை பக்கத்தில் ஒரு கிராம ஊராட்சி. படிக்கத் தெரியாது, கையெழுத்து மட்டும் போடுவார். அவர் வீட்டுக்கு எதிரே மேல்நிலைத் தொட்டி. நீங்கள் பார்த்திருப்பீர்கள், இந்தத் தொட்டிகளின் தூணில், கைக்கு எட்டுகிற உயரத்தில், சுத்தம் செய்த தேதி, அடுத்து செய்ய வேண்டிய தேதி என்று பெயிண்டில் எழுதியிருக்கும். ஒரு அக்டோபர் 2 கிராம சபைக்கு நானும் கூடப் போயிருந்தேன். பள்ளிக்கூடத்து வேப்ப மரத்தடி, ஷாமியானா, முன்னால் ஒரு டேபிள். வரவு செலவு வாசித்தார்கள், யாரும் கவனிக்கவில்லை. பெரியம்மா எழுந்தார்.

“ஏனுங்க தலைவரே, தொட்டி எப்பக் கழுவுனீங்க?”

“மாசம் ரெண்டு தடவ கழுவறமுங்க அம்மா. தேதி தூண்லயே எழுதியிருக்குதுங்களே.”

“தேதி எழுதியிருக்குது. எழுதறவன் வந்தான், நாந்தான் மோர் குடுத்தேன். ஏணியில ஒருத்தனும் ஏறல.”

கூட்டம் சிரித்துவிட்டது. தலைவரும் சிரித்தார், வேறென்ன செய்வார். சரி, இதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். பெரியம்மா உட்காரவில்லை. ஊராட்சிச் செயலரைப் பார்த்து, இதை நோட்டில் எழுது கண்ணு என்றார். அவர் குனிந்து எழுதினார். எழுதினதைப் படிச்சுக் காட்டு என்றார். செயலர் படித்தார்: ‘குடிநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யக் கோரிக்கை வைக்கப்பட்டது.’

“நான் கோரிக்கை வெச்சனா? எப்பக் கழுவுனீங்கன்னு கேட்டேன். கேட்டத எழுது.”

அந்த இளைஞர் அடித்துவிட்டுத் திருப்பி எழுதினார். அதையும் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டுதான் பெரியம்மா உட்கார்ந்தார். மூன்றாம் நாள் ஆள் ஏறியது. அடியிலிருந்து வந்த சேறு பக்கெட் பக்கெட்டாக இறங்கியதாம், பெரியம்மா போனில் சொன்னார். இந்தக் கதையை நான் போகிற இடமெல்லாம் சொல்கிறேன், வீட்டில் கேலி செய்கிறார்கள், பரவாயில்லை.

அந்த எழுத்தில் அவர் ஏன் அவ்வளவு பிடிவாதமாக இருந்தார்? கோரிக்கை என்று எழுதினால் அது கருணையோடு பரிசீலிக்க வேண்டிய விஷயம் ஆகிவிடும். கேள்வி என்று எழுதினால் பக்கத்தில் பதிலுக்கு ஓர் இடம் காலியாக இருக்கும். மனு வேறு, கேள்வி வேறு. நடுவில் ரேடியோ போட்டவர்களுக்காக இன்னொரு தடவையும் சொல்கிறேன், மனு வேறு, கேள்வி வேறு.

கிராமத்தில் இந்த வாய் திறந்திருப்பதற்குச் சட்டம் காரணம். 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், அதன் பிறகு 1994-இல் வந்த நம் ஊராட்சிகள் சட்டம். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்கள் கிராம சபை உறுப்பினர், அவ்வளவுதான். பார்வையாளர் என்று யாரும் கிடையாது. முன்பு வருஷத்துக்கு நாலு நாள் கூடியது, 2022-லிருந்து மார்ச் 22, நவம்பர் 1 என்று இரண்டும் சேர்ந்து ஆறு. 500 பேர் வரை உள்ள ஊரென்றால் 50 பேராவது வர வேண்டும், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. இந்த எண்ணிக்கையைக் காட்டுவதற்காக வீடு வீடாக நோட்டைக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குகிற கூத்தும் நடக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் எழுந்து நின்று கேட்டால் உட்கார் என்று சொல்ல ஒருவருக்கும் உரிமை இல்லை.

இப்போது அதே ஆள் நகராட்சிக்குக் குடிவருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது என்னைப் போல.

எங்கள் தெருவில் ஒரு சிறுபாலம் பாதியில் நின்றது. ஒரு பக்கம் சுவர் இருக்கிறது, மறுபக்கம் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது, சாக்கடை நடுவில் தேங்குகிறது. அதற்குக் கூடுதல் தொகை கேட்டு நகர மன்றத்தில் பொருள், அதாவது அஜெண்டாவில் ஓர் எண், வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்து, ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு மன்றக் கூட்டத்துக்குப் போனேன். பின்னால் பார்வையாளர் நாற்காலி, பத்திரிகைக்காரர்கள் இரண்டு பேர், நான். முதல் முக்கால் மணி நேரம் வரவேற்பு, நன்றி, சால்வை. அப்புறம் ஒரு வெளிநடப்பு, போனவர்கள் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். அதற்குப் பிறகுதான் பொருள் படிக்க ஆரம்பித்தார்கள், படிக்க என்றால் எண்ணை மட்டும். எங்கள் பாலம் எந்த எண்ணில் வருகிறது என்று தாளில் விரலை வைத்துத் தேடிக்கொண்டிருக்கிறேன், “ஆல் பாஸ்” என்று ஒரு குரல், மேஜை தட்டுகிற சத்தம், முடிந்தது. என்னை அறியாமல் எழுந்து, “ஐயா, ஒரு சந்தேகம்” என்றேன். மன்றமே திரும்பிப் பார்த்தது. தபேதார் ஓடி வந்து, ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார், “சார், உக்காருங்க சார். வேணும்னா மனுவா எழுதிக் குடுங்க.”

பார்த்தீர்களா, மனு!

மன்றக் கூட்டத்தில் கவுன்சிலர் பேசுவார், அதிகாரி பதில் சொல்வார், வரி கட்டுகிற நாம் உட்கார்ந்து பார்க்கலாம். நம் கவுன்சிலர் நமக்காகக் கேட்பாரே என்பீர்கள். நல்ல கவுன்சிலர் கேட்பார். ஆனால் 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரியில் தேர்தல் நடக்கும் வரை நகரங்களில் கவுன்சிலரே இல்லை, தனி அலுவலர்தான். அந்த ஐந்து வருஷத்துக்கு மேல் யார் கேட்டார்கள்?

தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறதே என்பார்கள் சிலர். நல்ல சட்டம், 2005-இல் வந்தது, நானே பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி எத்தனையோ போட்டிருக்கிறேன். முப்பது நாளில் பதில் வரும், வரலாம். ஆனால் அது எனக்கு மட்டும் கவரில் வருகிற பதில். பத்துப் பேர் முன்னால் சொல்கிற பதிலுக்கு இருக்கிற கூச்சம் கவருக்கு இல்லை. கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமைக் கூட்டமும் அப்படித்தான், ரசீது கிடைக்கும்.

பகுதி சபா என்று ஒன்று நகரங்களுக்கும் வந்தது, 2022 நவம்பர் 1-இல் முதல் தடவை கூடினார்கள். வார்டைப் பகுதிகளாகப் பிரித்து அங்கங்கே மக்களைக் கூப்பிட்டுக் கேட்பது. நான் வரவேற்கிறேன். எங்கள் பகுதியில் தெருவிளக்கு பற்றிக் கேட்டதில் இரண்டு விளக்கு எரிந்தது. ஆனால் பணத்தை ஒதுக்குவதும் டெண்டருக்கு ஒப்புதல் தருவதும் மன்றத்தில். கேள்வி தெருமுனையில், பதில் சொல்ல வேண்டியவர்கள் மாடியில்.

வெளியூர் கதை ஒன்று. இங்கிலாந்தில் உள்ளாட்சிக் கூட்டத்துக்குள் பத்திரிகைக்காரரும் பொதுமக்களும் வரலாம் என்று 1960-இல் ஒரு சட்டம் வந்தது. அதைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தவர் அப்போது புது எம்.பி., நாடாளுமன்றத்தில் அவருடைய முதல் பேச்சே அதுதான். பெயர் மார்கரெட் தாட்சர். பின்னாளில் அவர் செய்ததில் எனக்கு உடன்பாடில்லாதது நிறைய, அது வேறு விஷயம். அந்தச் சட்டம் உள்ளே உட்காரத்தான் விட்டது, பேச விடவில்லை. கலிபோர்னியாவில் பிரவுன் சட்டம் என்று 1953-லிருந்து ஒன்று இருக்கிறது, அங்கே இப்போது ஒரு பொருளை முடிவு செய்வதற்கு முன்னாலேயே மக்கள் பேச இடம் கொடுத்தாக வேண்டும். பல ஊர்களில் ஆளுக்கு இரண்டு, மூன்று நிமிடம், எதிரே கடிகாரம். முன்னாலேயே என்பதைக் கவனியுங்கள். ஆல் பாஸ் ஆன பிறகு கேட்டு என்ன பயன்?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். ஐந்து யோசனை எழுதிக்கொண்டு வந்தேன், ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். மன்றம் கூடினதும் முதல் பதினைந்து நிமிடம் மக்கள் கேள்விக்கு. ஆளுக்கு ஒரு கேள்வி, இரண்டு நிமிடம், மூன்று நாள் முன்னால் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கட்சிக்காரர்கள் ஆளை அனுப்பி ரகளை செய்வார்கள் என்ற பயம் நியாயம்தான், அதற்குத்தான் சீட்டுக் குலுக்கிப் பெயர் எடுக்கச் சொல்கிறேன், பாருங்கள் கடைசியில் குடவோலைக்கே வந்துவிட்டேன். பதில் தெரியாவிட்டால் அடுத்த கூட்டத்தில் சொல்லலாம், ஆனால் கேள்வி கேட்டபடியே மினிட் புத்தகத்தில் ஏற வேண்டும். நாலாவது… ஒரு விரல் ஆகிவிட்டது.

பெரியம்மாவின் ஊராட்சியைப் பக்கத்து நகராட்சியோடு சேர்க்கப்போவதாகப் பேச்சு. வீட்டு வரி ஏறும், நூறு நாள் வேலை போகும் என்று ஊரே கவலைப்படுகிறது. அவர் போனில் கேட்டது வேறு. “அப்பத் தொட்டி விசயத்த எங்க வந்து கேக்கறது கண்ணு?” அடுத்த மன்றக் கூட்டத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பின் நாற்காலியில் உட்கார வைக்கலாம் என்றிருக்கிறேன். தபேதார் பாடு. வணக்கம்.