முதலில் வாளி, பிறகு நீச்சல்குளம்

(கோடைகால நீச்சல் வகுப்பில் பிள்ளைகளைச் சேர்க்க வந்த பெற்றோரிடம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். கைக்குழந்தையோடு வந்திருப்பவர்கள் முன்வரிசைக்கு வந்துவிடுங்கள். குழந்தை அழுதால் எழுந்து போகவேண்டாம், நான் கொஞ்சம் சத்தமாகப் பேசிக்கொள்கிறேன்.

நீச்சல் வகுப்பைப் பற்றிப் பேசத்தான் கூப்பிட்டார்கள். ஆனால் இந்த மேசைமேல் நீங்கள் பார்ப்பது ஒரு பெயின்ட் வாளி. 20 லிட்டர். பெயின்ட் தீர்ந்ததும் கழுவி, குளியலறையில் தண்ணீர் பிடித்து வைக்கிறோமே, அதே வாளிதான். இதில் இப்போது பாதி தண்ணீர் இருக்கிறது, அதாவது 10 கிலோ. ஒரு வயதுக் குழந்தையின் எடை ஏறக்குறைய 9 கிலோ, உயரம் 75 சென்டிமீட்டர். பக்கத்தில் நின்றால் வாளியின் விளிம்பு அதன் வயிற்றளவுக்கு வரும். உள்ளே ஒரு மக்கு மிதக்கிறது. பிள்ளை விளிம்பைப் பிடித்து எக்கி எட்டிப் பார்க்கிறது. அந்த வயதில் உடம்பு நீளத்தில் ஏறக்குறைய கால்பங்கு தலைதான். தலையின் கனம் உள்ளே இழுத்துவிடும்.

காலி வாளி என்றால் பிள்ளையோடு சேர்ந்து சாயும்; ஒரு அழுகையோடு முடிந்துவிடும். பாதி நிறைந்த வாளி சாயாது. கால் தரையைவிட்டு எழும்பியபின், அந்தக் குறுகிய இடத்தில் கையை ஊன்றித் தலையைத் தூக்க ஒரு வயதுக் குழந்தைக்குப் பலம் கிடையாது. வாயும் மூக்கும் தண்ணீருக்குள் இருப்பதால் கத்தவும் முடியாது. அடுப்படியில் நிற்பவருக்கு ஒன்றும் கேட்காது. மூக்கும் வாயும் முங்க 5 சென்டிமீட்டர் தண்ணீர் போதும். நினைவு தப்ப ஓரிரு நிமிடம் போதும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் தண்ணீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். அதில் கிட்டத்தட்ட கால்பங்கு 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். இவர்களில் பெரும்பாலோர் நீந்தப் போனவர்கள் இல்லை. வீட்டிலும் வீட்டைச் சுற்றியும் நடந்துகொண்டிருந்தவர்கள். அதனால்தான் வாளியில் தொடங்கினேன். 5 வயதுக்குள் நீச்சல் தெரிந்த பிள்ளை என்று யாரும் கிடையாது. தண்ணீர் பழகிய பிள்ளை உண்டு, அவ்வளவுதான். இந்த வித்தியாசத்தை ஏற்றுக்கொள்கிற பெற்றோருக்கு வகுப்பு நல்லது செய்யும். ஏற்காதவர்களுக்குக் கெடுதல்கூடச் செய்யலாம். ஏனென்றால் "அவனுக்குத்தான் நீச்சல் தெரியுமே" என்று சொன்ன நிமிடமே பெற்றோரின் கண் தளர்ந்துவிடும்.

சரி, வீட்டை முடித்துவிடுவோம். குளித்ததும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும் ஊரில் பிடித்து வைக்காமல் முடியாது என்று எனக்குத் தெரியும். அங்கே குளியலறைக் கதவின் வெளிப்பக்கம், பெரியவர் தோள் உயரத்தில் ஒரு கொண்டி போடுங்கள். டிரம்முக்குத் தூக்கி வைக்கிற மூடி போதாது, திருகுகிற மூடி வேண்டும். சம்ப், அதாவது நிலத்தடித் தொட்டியின் மூடியைப் பூட்டிவிட்டேன் என்பீர்கள். லாரித் தண்ணீர் இறக்கும்போது? மூடி திறந்து கிடக்கும், உள்ளே குழாய் தொங்கும், நீங்கள் பணம் எடுக்க வீட்டுக்குள் போவீர்கள். அந்தப் பத்து நிமிடத்துக்குப் பிள்ளை யார் இடுப்பில் இருக்கிறது என்பதை லாரி வருவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். அடுக்ககத்தில் நீச்சல்குளம் இருந்தால் நாலு பக்கமும் 1.2 மீட்டருக்குக் குறையாத வேலி இருக்கவேண்டும். கம்பி இடைவெளி 10 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. கதவு குளத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திறந்து, விட்டால் தானே மூடித் தாழிட்டுக்கொள்ளவேண்டும். மூன்று பக்கம் வேலி, நாலாவது பக்கம் கட்டடத்தின் கதவு என்றால் அதை வேலி என்று சொல்லமுடியாது. வேலியை ஒட்டிப் பூந்தொட்டி வைத்தால் அது ஏணி.

பிள்ளையைக் காணவில்லை என்றால் முதலில் தண்ணீரைப் பாருங்கள். கட்டிலுக்கு அடியிலும் மாடியிலும் தேடுவது அப்புறம்.

வங்கதேசத்தில் குட்டையும் குளமும் வீட்டு வாசலிலேயே இருக்கும். எல்லாவற்றுக்கும் வேலி போட முடியாது. அவர்கள் வேறு வழி கண்டார்கள். 1 முதல் 4 வயதுப் பிள்ளைகளை, அம்மா சமையலிலும் துணி துவைப்பதிலும் இருக்கிற காலை 9 மணியிலிருந்து மதியம் 1 மணிவரை, ஊரிலேயே ஒரு பெண்மணியின் பொறுப்பில் விட்டார்கள். அப்படிக் காப்பகத்துக்குப் போன பிள்ளைகளிடையே மூழ்கிச் சாவது 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. நம் அங்கன்வாடியில் அ, ஆ சொல்லித்தருகிறார்களா என்று கேட்கிறோம். ஏரிக்கரை ஊரில் அந்த நாலு மணிநேரக் கண்காணிப்பே பெரிய காரியம்.

இனி வகுப்பு. எந்த வயதில் சேர்க்கலாம்? அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அகாடமி ஒரு காலத்தில் 4 வயதுக்கு முன்னால் முறையான பயிற்சிக்குப் பிள்ளை தயாராவதில்லை என்று சொன்னது. 2010இல் அதைத் தளர்த்தியது. 2019இல், ஒரு வயது முடிந்த பல குழந்தைகளுக்குப் பயிற்சி மூழ்கும் ஆபத்தைக் குறைக்கலாம் என்றது. ஒரு வயதுக்குக் கீழே அப்படிப் பயன் உண்டு என்பதற்குச் சான்று இல்லை. ஆறு மாதக் குழந்தை தண்ணீருக்கடியில் கண் திறந்து நீந்துகிற வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். முகத்தில் தண்ணீர் பட்டால் மூச்சை அடக்குவது அந்த மாதங்களில் தானாக நடக்கிற அனிச்சை. பிறகு அது மங்கிவிடும். அதை நீச்சல் என்று எண்ணி மறுபடி மறுபடி முக்கினால் குழந்தை தண்ணீரை விழுங்கும். அளவுக்கு மீறி விழுங்கினால் ரத்தத்தில் சோடியம் இறங்கி, மந்தமாகும், வாந்தி எடுக்கும், வலிப்புகூட வரும். கைக்குழந்தைக்கு வீட்டில் தோள்மேல் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டுகிற விளையாட்டே போதும்.

ஒன்றிலிருந்து மூன்று வயதுவரை அம்மாவோ அப்பாவோ கூடவே தண்ணீரில் இறங்கவேண்டும். ஒரு வகுப்பு 20 முதல் 30 நிமிடம். தண்ணீர் 31, 32 டிகிரி செல்சியஸ் வேண்டும். பெரியவர்கள் நீந்தும் குளம் 27, 28இல் இருக்கும். நமக்குச் சுகம், குழந்தைக்கு உதடு நீலமாகிவிடும். நடுங்க ஆரம்பித்தால் அன்றைய பாடம் முடிந்தது, கட்டணத்தை நினைத்து நீட்டாதீர்கள். சாதாரண டயப்பர் தண்ணீரை உறிஞ்சி ஊதிக்கொள்ளும், அதனால் நீச்சல் டயப்பர். அதுவும் மலத்தைக் கொஞ்சம் தடுக்கும், சிறுநீரைத் தடுக்காது. வயிற்றுப்போக்கு இருக்கும் பிள்ளையைக் குளத்துப் பக்கமே கொண்டுவரக்கூடாது. உடை பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது ரோஸ் நிறம். நீலமும் வெள்ளையும் தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாது.

முதல் பாடம் இறங்குவது. கரையில் உட்கார், திரும்பு, குப்புறப் படு, வழுக்கி இறங்கு. தினமும் இதே வரிசை, பெரியவர் "வா" என்று சொன்னபின்தான். இரண்டாவது, பல்லிபோலச் சுவரைப் பிடித்தபடி கை மாற்றி மாற்றி நகர்ந்து படிக்கு வருவது. கை அடிப்பது, கால் அடிப்பது எல்லாம் அதற்குப் பிறகு. தவறி விழும் பிள்ளை பெரும்பாலும் கரைக்குப் பக்கத்தில்தான் விழும். திரும்பிச் சுவரைப் பிடிக்கத் தெரிந்தால் பாதி பிழைத்தது.

மூன்றாவது மல்லாந்து மிதப்பது. பெற்றோர் அதிகம் தடுமாறுவது இதில்தான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். பிள்ளையை மல்லாத்தியவுடன் உங்கள் முகம் மறைந்து கூரைதான் தெரியும். பயந்து முகவாயை மார்பில் ஒட்டவைக்கும். தலை மேலே வந்தால் இடுப்பு கீழே போகும், இதில் யாரும் எதுவும் செய்யமுடியாது. உடனே நீங்கள் முதுகைத் தூக்கிப் பிடிப்பீர்கள். பிள்ளை எழுந்து உட்கார இன்னும் வசதியாகிவிடும். அப்படி வேண்டாம். நீங்களே தோள்வரை தண்ணீருக்குள் அமருங்கள். பிள்ளையின் தலை உங்கள் தோள்மேல், கன்னத்தோடு கன்னம், இருவர் கண்ணும் மேலே. காதோரம் ஏதாவது பாடுங்கள். காதுக்குள் தண்ணீர் போவது பழகட்டும்; இதற்கு மட்டும் மூன்று நாலு வகுப்பு ஆகலாம். பழகியபின் ஒரு உள்ளங்கை பிடரியில், ஒரு உள்ளங்கை இடுப்புக்கு அடியில். முதலில் எடுக்கவேண்டியது இடுப்புக் கையை. பிடரியில் உள்ளங்கை, பிறகு நாலு விரல், பிறகு இரண்டு. குனிந்து முகத்துக்கு மேலே நின்று பார்க்காதீர்கள், உங்கள் முடியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் நேரே அதன் மூக்கில் விழும்.

இங்கே இருக்கும் தாத்தாக்கள் கேட்கலாம்: நாங்கள் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் பழகவில்லையா? பழகினீர்கள், அதில் நல்ல யோசனையும் இருந்தது. முதுகில் கட்டிய குடுக்கை இடுப்பை மேலே வைத்திருக்கும், உடம்பு படுத்த வாக்கில் நிற்கும், கையும் காலும் தண்ணீரை ஒழுங்காகத் தள்ளும். நாள் போகப்போக இரண்டு குடுக்கை ஒன்றாகும், ஒன்று சின்னதாகும். இன்று கைகளில் மாட்டுகிற காற்றுப் பையைவிட அது மேல். காற்றுப் பை பிள்ளையைச் செங்குத்தாகத் தொங்கவிடுகிறது. மூழ்குபவர் நிற்கிற நிலையே அதுதான். கழற்றிய அன்று பிள்ளை பழைய நினைப்பில் குதித்துவிடும். ஆனால் குடுக்கையிலும் ஒரு சிக்கல் உண்டு. முதுகில் மிதவை இருந்தால் முகம் கீழே போகும். தலையைத் தூக்கி மூச்சு வாங்கத் தெரிந்த ஏழு எட்டு வயதுக்கு, பக்கத்தில் மாமா ஒருவர் தண்ணீரில் நிற்கும்போது, அது சரி. சின்னக் குழந்தைக்குக் கூடாது. "தூக்கிப் போட்டால் தானாக வரும்" என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். திடுக்கிட்ட பிள்ளை முதலில் செய்வது வாயைத் திறந்து மூச்சை இழுப்பதுதான், அதுவும் தண்ணீருக்குள்.

படகில் போக லைஃப் ஜாக்கெட் எடையைப் பார்த்து வாங்கவேண்டும், வயதைப் பார்த்து அல்ல. மாட்டி, பட்டைகளை இறுக்கி, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்குங்கள். காதுவரை ஏறிவந்தால் அது பெரியது. சின்னப் பிள்ளைக்குக் கால்களுக்கு நடுவே போகும் பட்டையும் இருக்கவேண்டும்.

வகுப்பைத் தேர்ந்தெடுக்க ஒருநாள் சும்மா போய் உட்கார்ந்து பாருங்கள். குளத்தின் அடித்தரை தெளிவாகத் தெரிகிறதா? பயிற்சியாளர் ஒரு பிள்ளையைப் பிடித்திருக்கும்போது மற்ற பிள்ளைகள் எங்கே? ஆபத்து அந்தக் காத்திருக்கும் வரிசையில்தான். பெற்றோர் இறங்காத வகுப்பு என்றால் 5 வயதுக்குக் கீழே ஒருவருக்கு நாலு பிள்ளைக்குமேல் வேண்டாம், அதோடு கரையில் பார்ப்பதை மட்டுமே வேலையாகக் கொண்ட இன்னொருவர் வேண்டும். அழுகிற பிள்ளையை முக்கி எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆறு வயதுக்குமேல் உள்ள பிள்ளையிடம் பதக்கத்தைவிட வேறொன்றைக் கேளுங்கள். தலைக்கு மேல் ஆழத்தில் குதித்து மேலே வரவேண்டும். ஒரு நிமிடம் மிதக்கவேண்டும். ஒரு சுற்று சுற்றிக் கரை எங்கே என்று பார்க்கவேண்டும். 25 மீட்டர் எப்படியாவது போய்ச் சேரவேண்டும். ஏணி இல்லாமல் ஏறவேண்டும். பிறகு இதையே பள்ளிச் சீருடையில் செய்யச் சொல்லுங்கள். கண்மாயில் யாரும் நீச்சல் உடையோடு வழுக்கி விழுவதில்லை. குளத்தில் தேறியவர் ஏரியிலும் தேறுவார் என்று நினைக்காதீர்கள். அங்கே பாசி, சேறு, மண் அள்ளிய குழி. இடுப்பளவு ஆழத்திலிருந்து ஒரே அடியில் ஆள்முங்கும் ஆழம் வந்துவிடும்.

விசேஷ வீட்டில், ஆடிப்பெருக்குக் கூட்டத்தில், எல்லாரும் பார்க்கிறார்கள் என்றால் யாரும் பார்க்கவில்லை. ஒருவர் தோளில் ஒரு துண்டைப் போடுங்கள். அந்தத் துண்டு இருக்கிறவரை அவருக்குப் போனும் கிடையாது, அரட்டையும் கிடையாது. 15 நிமிடத்தில் துண்டு கைமாறும். சின்னக் குழந்தைக்கோ கையெட்டும் தூரம், அதற்குமேல் ஒரு அடியும் விடக்கூடாது.

ஒருவன் மூழ்க, காப்பாற்றப் போன இருவரும் மூழ்கினார்கள் என்று கோடை முழுக்கச் செய்தி படிக்கிறோம். பிள்ளைகளுக்கு நாலு சொல் சொல்லிக்கொடுங்கள்: கத்து, நீட்டு, வீசு, இறங்காதே. நீட்டக் கொம்பு, வேட்டி, துப்பட்டா. வீச மூடிய காலி தண்ணீர் கேன். அதில் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு மூடினால் காற்றில் அலையாமல் தூரம் போகும். பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்துப் பிடித்தாலே ஒரு பிள்ளையின் தலை மேலே நிற்கும்.

கடைசியாக, முதலுதவி செய்து பழக வைத்திருக்கும் இந்தப் பொம்மை. தண்ணீரிலிருந்து எடுத்த குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது இரண்டும் வேண்டாம். வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போகும், நேரமும் போகும். அதற்கு இல்லாமல் போனது காற்று, அதைக் கொடுங்கள். கெட்டியான தரையில் மல்லாத்துங்கள். ஒருவர் 108ஐ அழைத்து ஸ்பீக்கரில் போடட்டும். மூச்சு இல்லையென்றால், கைக்குழந்தைக்குத் தலை நேராக, பெரிய பிள்ளைக்கு முகவாய் சற்று மேலே. கைக்குழந்தையின் வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி, முதலில் ஐந்து ஊதல், ஒவ்வொன்றும் ஒரு வினாடி நீளம். மார்பு எழும்பினால் போதும், பலூன் ஊதுவதுபோல ஊதாதீர்கள். வாயில் நுரை வந்தால் துடைத்துக்கொண்டே இருக்காமல் ஊதுங்கள். அசைவு இல்லையென்றால் மார்பின் நடுவில் 30 அமுக்கு: கைக்குழந்தைக்கு மார்பை இரு கையாலும் சுற்றிப் பிடித்து இரண்டு கட்டைவிரல், பெரிய பிள்ளைக்கு ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதி. மார்புக் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு கீழே போகவேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120. பிறகு இரண்டு ஊதல், மறுபடி 30. ஆம்புலன்ஸ் வரும்வரை. கண் விழித்து அழுதாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும், நுரையீரல் சில மணிநேரம் கழித்துக்கூட மோசமாகலாம்.

நான் செய்து காட்டியதைப் பார்த்தால் வராது, கை பழகவேண்டும். மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிட்டு ஒவ்வொருவராக மேடைக்கு வாருங்கள். முதலில் பகலெல்லாம் பிள்ளையை வைத்திருக்கிற பாட்டிமார்கள்.