விமானத்தைத் திருப்புவது கையா, காலா?

நேயர்களுக்கு வணக்கம்.

செட்டிநாடு கால்நடைப் பண்ணைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்ட ஓடுதளத்தின் தடம் அங்கே இன்னமும் கிடக்கிறது. இப்போது அங்கே விமானம் இறங்குவதில்லை. ஆனாலும் விமானம் என்றால் உயிரை விடுகிற பிள்ளைகளுக்கு நம் பக்கத்தில் குறைவில்லை. காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் வீட்டுக் கணினியில் சிமுலேட்டர் போட்டுப் பழகுகிறவர்களை மனத்தில் வைத்துத்தான் இன்று பேசுகிறேன். ஏற்றவும் இறக்கவும் அவர்கள் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். கால் வேலை மட்டும் பழகுவதில்லை. உண்மையான விமானத்தில் ஏறியதும் தடுமாறுவது அங்கேதான்.

பயிற்சிப் பள்ளிகளில் பரவலாக உள்ள செஸ்னா 172-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் எஸ் ரகத்தில் 180 குதிரைத்திறன் என்ஜின், நான்கு இருக்கை, அதிகபட்ச எடை 1157 கிலோ. உங்கள் முன்னால் இருக்கும் கைப்பிடிக்கு யோக் என்று பெயர். பார்வைக்குக் கார் ஸ்டீயரிங் மாதிரி இருப்பதால்தான் குழப்பமே. தரையில் அதை எவ்வளவு திருப்பினாலும் விமானம் திரும்பாது. அங்கே திருப்புவது பெடல். பெடலின் அடிப்பாகத்தை அமுக்கினால் மூக்குச் சக்கரமும், வாலில் செங்குத்தாக நிற்கும் ரடர் என்ற தகடும் திரும்பும். மேல்பாகத்தை அமுக்கினால் அந்தப் பக்கத்துச் சக்கரத்துக்கு பிரேக் விழும். குதிகாலைத் தரையில் ஊன்றி, விரல் பிரேக்கில் படாமல் வைத்துக்கொள்ள வேண்டும். புதியவர்கள் பாதத்தை முழுதாகப் பெடல்மேல் ஏற்றிவிடுகிறார்கள். தெரியாமலே பிரேக்கை அமுக்கியபடி என்ஜினைக் கூட்டினால், பிரேக் சூடேறித் தேய்கிறது, விமானமும் ஒரு பக்கமாக இழுக்கிறது.

வானத்தில் கதை வேறு. இறக்கையின் பின்விளிம்பில் அசையும் தகட்டுக்கு ஏலரான் என்று பெயர். யோக்கை இடப்பக்கம் திருப்பினால் இட இறக்கையின் ஏலரான் மேலே போகும், வல இறக்கையின் ஏலரான் கீழே இறங்கும். வல இறக்கையில் தூக்குவிசை கூடும். விமானம் இடப்பக்கம் சாயும். யோக்கின் வேலை அதோடு சரி. சாய்ந்தபின் தூக்குவிசையின் ஒரு பங்கு பக்கவாட்டில் இழுக்கிறது பாருங்கள், விமானத்தைத் திருப்புவது அந்தப் பங்குதான். வேண்டிய சாய்வு வந்ததும் யோக்கை நடுவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். பிடித்தே வைத்திருந்தால் சாய்வு ஏறிக்கொண்டே போகும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தூக்குவிசை கூடிய வல இறக்கையில் காற்றின் தடையும் கூடுகிறது. அதனால் இடப்பக்கம் சாயும்போதே மூக்கு வலப்பக்கம் போகப் பார்க்கும். ரைட் சகோதரர்கள் 1901-ஆம் ஆண்டு கிளைடரில், அதாவது என்ஜின் இல்லாத விமானத்தில், இதைத்தான் கண்டு திகைத்தார்கள். 1902 கிளைடரில் வாலில் அசையும் ரடரை வைத்து, ஏலரானுக்குப் பதிலாக இறக்கையையே முறுக்கிய கம்பியோடு அதைச் சேர்த்துக் கட்டிய பிறகே அவர்களால் ஒழுங்காகத் திருப்ப முடிந்தது. என்ஜின் பூட்டியது அடுத்த ஆண்டு. திருப்பும் வித்தையை முதலில் தீர்த்துக்கொண்டு, பறப்பதற்கு அப்புறம் போனார்கள். அவர்களுடைய மேதைமை அந்த வரிசையில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

இன்றைக்கும் அந்த வேலையைச் செய்வது உங்கள் கால். யோக்கை இடப்பக்கம் திருப்பும் அதே நொடியில் இட பெடலிலும் மெல்ல அழுத்தம் தர வேண்டும். யோக் நடுவுக்கு வரும்போது காலும் தளர வேண்டும். அளவு சரியா என்று காட்ட, கருவிப் பலகையில் திரவம் நிறைந்த வளைந்த கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு கறுப்புப் பந்து இருக்கும். பந்து எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்கத்துப் பெடலை அமுக்குங்கள். பந்து நடுவில் நின்றால் திருப்பம் சுத்தம்.

30 டிகிரி சாய்வில் இறக்கை தாங்க வேண்டிய சுமை விமான எடையைப்போல 1.15 மடங்கு. யோக்கைச் சற்றே பின்னால் இழுத்தால் உயரம் குறையாது. 45 டிகிரியில் அது 1.41 மடங்கு, 60-இல் 2 மடங்கு. சுமை ஏற ஏற ஸ்டால் ஆகும் வேகமும், அதாவது இறக்கை தூக்குவிசையை இழக்கும் வேகமும், ஏறும். நேராகப் பறக்கையில் ஃபிளாப் (மெதுவாகப் பறக்க உதவும் இறக்கைத் தகடு) இறக்காமல் 48 நாட் வேகத்தில் (நாட் என்பது விமான வேக அளவு) ஸ்டால் ஆகிற செஸ்னா, 60 டிகிரி சாய்வில் ஏறக்குறைய 68 நாட்டிலேயே ஸ்டால் ஆகிவிடும். ஸ்டால் என்றால் என்ஜின் நின்றுவிடுவது என்று பலர் நினைக்கிறார்கள். என்ஜினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எதிர்வரும் காற்றை இறக்கை சந்திக்கும் கோணம் 15, 16 டிகிரியைத் தாண்டினால் மேற்பரப்பில் காற்று ஒட்டாமல் பிரிந்துவிடும், தூக்குவிசை சரியும். எந்த வேகத்திலும் இது நடக்கலாம். மீள்வதற்கு முதல் வேலை யோக்கை முன்னால் தள்ளிக் கோணத்தைக் குறைப்பது. கூடவே முழு த்ராட்டில், அதாவது என்ஜினுக்கு முழு விசை, பிறகு இறக்கையைச் சமப்படுத்துவது. தரை நெருங்குகிறதே என்று பயந்து பின்னால் இழுப்பவர் ஸ்டாலை இன்னும் ஆழமாக்குகிறார்.

உயிரைக் குடிக்கும் இடம் ஒன்று உண்டு. தரையிறங்க வரும்போது ஓடுதளத்துக்கு நேராகத் திரும்பும் கடைசித் திருப்பம் அது. பின்காற்று தள்ளியதால் ஓடுதளக் கோட்டைத் தாண்டிவிட்டோம் என்று வையுங்கள். அதிகம் சாய்க்கத் தயங்கி, உள்பக்கப் பெடலை அமுக்கி மூக்கை மட்டும் இழுக்கத் தோன்றும். அப்போது சாய்வு தானாக ஏறும், மூக்கு தாழும். சாய்வைத் தடுக்க யோக்கை எதிர்ப்பக்கம் திருப்பி, மூக்கைத் தூக்கப் பின்னால் இழுத்தால், உள் இறக்கை முதலில் ஸ்டால் ஆகி விமானம் சுழலத் தொடங்கும். 500 அடி உயரத்தில் அதிலிருந்து மீள இடமில்லை. கோட்டைத் தாண்டிவிட்டால் செய்ய வேண்டியது ஒன்றே: முழு த்ராட்டில் கொடுத்து மேலே போய், ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வருவது.

மேலே கிளம்பும்போதும் கால்தான். முழுத் திறனில் காற்றாடியின் சுழல் காற்று வாலின் இடப்பக்கத்தில் அடித்து மூக்கை இடப்பக்கம் தள்ளும். வல பெடலை அமுக்கிக்கொண்டே ஓட வேண்டும். 55 நாட்டில் மூக்கைத் தூக்கி, 74-இல் ஏற வேண்டும். நம் சித்திரை வெயிலையும் கணக்கில் சேருங்கள். 40 டிகிரி வெப்பத்தில் காற்று அடர்த்தி குறைந்து, காரைக்குடித் தரையில் நிற்கும் விமானமே ஏறக்குறைய 3,300 அடி உயரத்தில் நிற்பதுபோல நடந்துகொள்ளும். 10 டிகிரி வெப்பம் கூடினால் கிளம்பும் தூரம் சுமார் 10 விழுக்காடு கூடும் என்பது நடைமுறைக் கணக்கு. மதியத்தில் நான்கு பேரையும் முழு எரிபொருளையும் ஏற்றலாமா என்று கையேட்டு அட்டவணையைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இறங்கும்போது வேகத்துக்கு மூக்கு, உயரத்துக்கு த்ராட்டில் என்று பழகுங்கள். ஃபிளாப் இறக்கி 65 நாட்டில் வந்தால், நிமிடத்துக்கு 325 அடி இறங்குவது ஏறக்குறைய 3 டிகிரிச் சரிவு. முன்கண்ணாடியில் ஓடுதளத்தின் ஒரு புள்ளியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது கண்ணாடியில் மேலே நகர்ந்தால் முன்னாலேயே விழப்போகிறீர்கள். உடனே த்ராட்டிலைக் கூட்டுங்கள். கீழே நகர்ந்தால் தாண்டிப் போவீர்கள். இதன் விலையை அறிந்த ஊர் நம் ஊர். 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கிய எம். சிடி. எம். சிதம்பரம் செட்டியார், 1954 மார்ச் 13 அன்று சிங்கப்பூர் கல்லாங் விமான நிலையத்தில் நடந்த விபத்தில் மறைந்தார். அவர் வந்த கான்ஸ்டலேஷன் விமானம் ஓடுதளத்துக்கு முன்னாலேயே மோதியது.

ஆடிக் காற்றில் இன்னொரு வேலை சேரும். ஓடுதளத்துக்கு 30 டிகிரி பக்கவாட்டிலிருந்து 20 நாட் காற்று அடித்தால், குறுக்கே தள்ளுவது அதில் பாதி, 10 நாட். மூக்கைக் காற்றை நோக்கித் திருப்பியபடியே வந்து, தொடுவதற்கு முன் பெடலால் மூக்கை ஓடுதளத்துக்கு நேராக்கி, காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்திப் பிடிக்க வேண்டும். கை ஒரு பக்கம், கால் எதிர்ப்பக்கம். நேராக்காமல் கோணலாகத் தொட்டால் சக்கரமும் அதன் காலும் பக்கவாட்டு அடி வாங்கும். தொட்ட பிறகும் ஏலரானைக் காற்றுப் பக்கமே வைத்திருங்கள், விட்டால் இறக்கை தூக்கும்.

பெரிய விமானங்களில் இந்தக் கால் வேலையைக் கணினி எடுத்துக்கொள்கிறது. 1988-இல் சேவைக்கு வந்த ஏர்பஸ் ஏ320-இல் பக்கவாட்டுக் குச்சி விமானிக்கு என்ன வேண்டும் என்று கணினிக்குச் சொல்கிறது. திருப்பத்தில் ரடரைக் கணினியே பார்த்துக்கொள்கிறது. சாய்வு 33 டிகிரிக்கு மேல் போனபின் குச்சியை விட்டால் அது தானாக 33-க்குத் திரும்பும். எவ்வளவு தள்ளினாலும் 67-ஐத் தாண்டாது. தரையில் கூர்மையாகத் திருப்ப, பெடலோடு கையால் சுழற்றும் தனிச் சக்கரம் ஒன்றும் உண்டு. ஆனால் ஓடுதள ஓட்டத்திலும் குறுக்குக் காற்றிலும், ஒரு என்ஜின் நின்றுபோனாலும், அங்கேயும் விமானியின் கால் வேலை செய்தாக வேண்டும்.

முறையாகக் கற்க விரும்புகிறவர்கள் 16 வயதில் மாணவர் உரிமத்துக்கும், 17-இல் 40 மணி நேரப் பறப்போடு தனியார் விமானி உரிமத்துக்கும், 18-இல் 200 மணி நேரத்தோடு வணிக விமானி உரிமத்துக்கும் போகலாம். அதுவரை சிமுலேட்டரில் ஒரு மாற்றம் செய்யுங்கள்: அமைப்பில் தானியங்கி ரடரை அணைத்துவிடுங்கள். பெடல் வாங்க முடியாவிட்டால் முறுக்கும் கைப்பிடி உள்ள ஜாய்ஸ்டிக் போதும். 3,000 அடியில் 90 நாட்டில் நேராகப் பறந்து, தொடுவானத்தில் ஒரு மலையுச்சியையோ மேகத்தையோ குறிவைத்து, இடம் 20 டிகிரி, வலம் 20 டிகிரி என்று நிற்காமல் சாய்த்துச் சாய்த்து வாருங்கள். மூக்கு அந்தக் குறியை விட்டு அசையக் கூடாது. கால் தாமதமானால் மூக்கு சாய்வுக்கு எதிர்ப்பக்கம் ஓடும். மிகையானால் சாய்ந்த பக்கமே ஓடும். நிதானமாகத் தொடங்கி, மூக்கு நிலையாக நின்றபின் வேகத்தைக் கூட்டுங்கள்.

நன்றி, வணக்கம்.